பழைய ஜீப்புக்கு எந்த வில்லு? வன்னி றோட்டுக்குச் சஸ்பென்சன் தெரிவு செய்யிற விதம்

பழைய லான்ட் றோவரையோ வில்லிஸ் ஜீப்பையோ எங்கையாவது தேடிப்பிடிச்சு, கழட்டிப் பூட்ட வெளிக்கிட்ட பொடியள் கராஜுக்கு வந்தால் முதல் கேக்கிறது ஒண்டுதான்: “அண்ணை, எத்தினை இஞ்சி உயர்த்தலாம்?” நான் திருப்பிக் கேக்கிறது வேற. “உதில என்னத்தை ஏத்தப் போறாய்? எந்த றோட்டில ஓடப் போறாய்?” இந்த ரெண்டுக்கும் மறுமொழி இல்லாமல் ஸ்பிறிங் வாங்கப் போறது, அளவு குடுக்காமல் சட்டை தைப்பிக்கிற மாதிரி.

நான் பரந்தன் பக்கம் கராஜ் வைச்சிருக்கிறன். சோறு போடுறது உழவு மெசினும் கன்டர் லொறியும்தான்; பழைய ஜீப் என்ர விசர். இதில எழுதிறது எல்லாம் வன்னி மண்ணில ஓடுற வாகனத்துக்கு. கொழும்பில ஞாயிற்றுக்கிழமை காட்டித் திரியிற ஜீப்புக்கு இதில பாதி தேவைப்படாது.

என்ர முடிவை முதலே சொல்லிப்போடுறன், பிறகு ஏனெண்டு சொல்லுறன். வில்லுத்தகட்டை, அதுதான் தகடு மேல தகடா அடுக்கின ஸ்பிறிங்கை, விடாதேங்கோ. கொம்பனி குடுத்த உயரத்தில நிப்பாட்டுங்கோ, மிஞ்சிப்போனால் ஒரு இஞ்சி கூட. தகடு மெல்லிசா, நீளமா, சுத்தமா இருக்கட்டும். மிச்சக் காசை ஷொக்கில (வில்லின்ர துள்ளலை அடக்கிற ஷொக் அப்சோபரில) போடுங்கோ. இதுக்கு மேல வாறதெல்லாம் படம் பிடிக்கத்தான் உதவும்.

முதல் பாரம்

கழட்டிப் பூட்டி முடிஞ்ச ஜீப், கொம்பனியால வந்த ஜீப்பின்ர பாரத்தில ஒருநாளும் இருக்காது. பெற்றோல் எஞ்சினைக் கழட்டிப்போட்டு நிசான் ரீடி27, மிற்சுபிசி 4டிஆர்5 மாதிரி ஒரு டீசல் எஞ்சினை இறக்கியிருப்பினம். முன்னுக்கு இரும்புப் பம்பர், அதில வின்ச். பின்னுக்கு இன்னொரு எண்ணெய்த் தாங்கி. சிலபேர் இரும்புக் கூரையைக் கழட்டிப்போட்டுப் படங்கு கட்டுவினம்; அப்ப பாரம் குறையும். அதனால எஞ்சின், கியர் பொக்ஸ், பொடி எல்லாம் ஏறி முடிஞ்ச பிறகுதான் கடைசி ஸ்பிறிங்கைத் தீர்மானிக்கவேணும். அதுவரைக்கும் பழைய ஸ்பிறிங்கிலயே நிக்கட்டும், ஒண்டும் குறைஞ்சு போகாது.

நிறுக்கிறதுக்கு நெல் ஆலையில லொறி நிறுக்கிற தராசு கிடக்கு. காலபோக அறுவடை நேரம் போகாதேங்கோ, மூடை ஏத்தின மெசினுகளுக்குப் பின்னால வரிசையில நிண்டு பொழுதுபட்டிடும். மற்ற நேரங்களில தன்மையாக் கேட்டால் விடுவினம். முதல் முழு வாகனத்தையும் நிறுங்கோ. பிறகு முன் சில்லு ரெண்டும் மட்டும் தட்டில, பின் சில்லு தரையில. பிறகு பின் சில்லு மட்டும். தட்டும் தரையும் ஒரே மட்டத்தில இருக்கவேணும், இல்லாட்டிப் பாரம் ஒரு பக்கம் தள்ளி இலக்கம் பிழைக்கும். வெறுமையா ஒருக்கா, வழமையா ஏத்திற ஆள், சாமான், எண்ணெய் எல்லாத்தோடையும் ஒருக்கா. வாற இலக்கத்தில ஆக்ஸில், சில்லு, பிறேக் ட்றம் எல்லாத்தின்ர பாரமும் சேர்ந்திருக்கு, அது ஸ்பிறிங்குக்கு மேல இல்லை. அதைக் கழிச்சுப் பாக்கவேணும்.

இந்தக் கணக்கில நான் உன்னிப்பாப் பாக்கிறது பின் ஆக்ஸிலின்ர வித்தியாசத்தை. வெறுமைக்கும் பாரத்துக்கும் இடையில 100 கிலோ எண்டால் மெல்லிய ஸ்பிறிங்கோட சீவிக்கலாம். 400 கிலோ எண்டால் அந்த மெல்லிய ஸ்பிறிங்குக்குக் கீழ ஒரு துணைத்தகடு வேணும்: பாரம் ஏறி வில்லு தட்டையான பிறகு மட்டும் முட்டித் தாங்கிற நேர்த் தகடு. வருசத்தில நாலு தரம் நெல்லேத்திறதுக்காக மிச்ச நாள் முழுக்க லொறி ஸ்பிறிங்கில நாரி முறிய ஓடத் தேவையில்லை.

பிறகு றோட்டு

ஏ9 தார்ப் பெருந்தெருவில மட்டும் ஓடுறதெண்டால் எந்த ஸ்பிறிங்கும் காணும். சோதினை தொடங்கிறது அதில இருந்து இறங்கின பிறகு. மாங்குளத்தால திரும்பி ஒட்டுசுட்டான் பக்கத்து உள்வீதி, மல்லாவி துணுக்காய் உள்பக்கம், நெடுங்கேணிக்கு அங்கால எல்லாம் கிறவல். கோடையில டிப்பர் ஓடி ஓடிக் குறுக்கால வரிவரியா அலை விழும். அந்த வரியில ஸ்பிறிங்கை விட ஷொக்தான் சாகிறது; எப்பிடியெண்டு கீழ சொல்லுறன். ஐப்பசி தொடங்கித் தை மட்டும் மாரி. அதே றோட்டு அப்ப சுரி. குளங்களுக்குக் கீழ இருக்கிற வயல் பக்கம் களிமண், சில்லு இறங்கினால் டிஃப் (ஆக்ஸில் நடுவில உருண்டையா இருக்கிற டிஃபரென்சியல்) போய்க் குந்தும். முல்லைத்தீவுக் கரைக்குப் போனால் உப்பு மணல்.

இந்த மூண்டுக்கும் பொதுவானது ஒண்டு: நாலு சில்லும் நிலத்தில இருக்கவேணும். ஒரு சில்லு அந்தரத்தில தொங்கினால் சாதாரண டிஃப் முழுச் சுழற்சியையும் அந்தச் சில்லுக்குக் குடுத்திடும், மற்றது அசையாது. சில்லு நிலத்தை விடாமல் இருக்கிறதுக்குத் தேவை உயரம் இல்லை, சில்லு மேலயும் கீழயும் போய்வாற தூரம். இறுக்கமான உயர ஸ்பிறிங் பூட்டின ஜீப் பாக்கக் கெம்பீரமா நிக்கும், ஒரு வாய்க்கால் வரம்பைக் குறுக்கறுத்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிக்கும்.

உயர்த்தினால் டிஃப் உயரும் எண்டு நினைக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். ஸ்பிறிங் உயர்த்திறது சசியையும் (அடிச்சட்டம்) பொடியையும்தான். ஆக்ஸில் இருந்த இடத்திலயே இருக்கும். டிஃப்பை உயர்த்திறது ரயர் ஒண்டுதான். 88 லான்ட் றோவருக்கு (முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில 88 இஞ்சி) வழமையா வாற 6.00-16 ரயரைக் கழட்டி, நீளமான 109 க்கு வாற 7.50-16 போட்டால் ரயரின்ர மொத்த உயரம் கிட்டத்தட்ட 3 இஞ்சி கூடும், டிஃப் ஒண்டரை இஞ்சி உயரும். அதோட இது ஒடுங்கின ரயர். சுரிக்குள்ள அகல ரயர் மிதக்கும், ஒடுங்கின ரயர் வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். எங்கட களிமண்ணுக்கு எனக்கு ஒடுங்கினதில்தான் நம்பிக்கை. கடற்கரை மணலுக்கு மட்டும் அது எதிர்; அங்க காத்தை 20 இறாத்தலுக்குக் கிட்ட இறக்கிக்கொண்டு மெதுவா ஓடுங்கோ, வெளியில வந்த உடன திரும்ப அடியுங்கோ. ரியூப் ரயரில அதுக்கும் கீழ இறக்கினால் ரயர் றிம்மில சறுக்கி வால்வைப் பிடுங்கிப்போடும்.

உயரத்துக்கு இன்னொரு விலையும் இருக்கு. சீரிஸ் த்ரீ லான்ட் றோவரின்ர இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடைத்தூரம் 51½ இஞ்சி. பாரமையம் நிலத்தில இருந்து 28 இஞ்சி எண்டு கணக்குக்கு வைப்பம். ஆடாமல் அசையாமல் நிண்டால் 42 பாகைச் சரிவு வரை பிரளாது. பாரமையம் நாலு இஞ்சி உயர்ந்தால் அது 39 க்குக் கீழ. மூண்டு நாலு பாகைதானே எண்டு சொல்லாதேங்கோ. ஓட்டத்தில பொடி சாயிறதும், கீழ்ச்சில்லு கிடங்கில இறங்கிறதும் அதுக்கு மேலதான் வாறது. குளக்கட்டுச் சரிவில மேச்சல் மாட்டுக்கு விலத்திக் குடுத்துப் பாத்தவைக்கு இது விளங்கும்.

உங்களிட்ட இருக்கிறது என்ன

சீரிஸ் லான்ட் றோவர் 1948 இல வந்தது, 1985 வரை செய்தவை. நாலு மூலையும் வில்லுத்தகடு, அகலம் 2½ இஞ்சி. றைவர் பக்க ஸ்பிறிங்கும் மற்றப் பக்க ஸ்பிறிங்கும் ஒண்டில்லை. றைவரின்ர பாரத்துக்காக றைவர் பக்கத்துக்கு வளைவு கொஞ்சம் கூட வைச்சுக் கொம்பனியே செய்தது. கழட்டேக்க அடையாளம் போடாமல் குவிச்சுப்போட்டு, பூட்டின பிறகு “சாயுது” எண்டு சசியில பிழை தேடுறவை இருக்கினம். கழட்ட முதல் இடம் வலம் எண்டு பெயின்ற் அடிச்சு வையுங்கோ.

வில்லிஸ் ஜீப், அதுக்குப் பிறகு வந்த சிஜே வகை, மிற்சுபிசி அனுமதி எடுத்து 1998 வரை செய்த ஜீப், எல்லாம் ஒரே குடும்பம். யுத்தகால எம்பி ஜீப்பின்ர தகடு 1¾ இஞ்சி அகலம்தான், அதால பாரத்தில கவனம் வேணும். அதின்ர சக்கிள் (வில்லின்ர ஒரு நுனியைச் சசியோட இணைக்கிற, ஆடுற துண்டு) மரை வெட்டின யு வடிவம், சிலது இடப்பக்க மரை. திருப்புற பக்கம் தெரியாமல் பலத்தைப் போட்டால் முறியும்.

ரொயோற்றா லான்ட் குறூசர் 40, 1960 இல இருந்து 1984 வரை. தடிச்ச தகடு, கொம்பனி ஸ்பிறிங்கே கல்லு மாதிரி. அதில வேலை உயர்த்திறது இல்லை, மெல்லிசாக்கிறது.

வில்லைப் பிரிச்சுப் பாருங்கோ

முதல் வாகனத்தில இருக்கேக்கயே ஒரு பரிசோதனை. மட்டமான சீமெந்துத் தரையில நிப்பாட்டி, பின் சில்லு நடுவில இருந்து மட்காட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கோ. பிறகு நாலு சீமெந்துப் பையை, 200 கிலோ, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேல அடுக்குங்கோ. பின்பக்கத்தை ரெண்டு மூண்டு தரம் அமத்தி ஆட்டிவிட்டுத் திரும்ப அளவுங்கோ. ஆட்டாமல் அளந்தால் தகட்டு உரசலில வில்லு பாதிவழியில பிடிச்சுக்கொண்டு நிக்கும். ஒரு இஞ்சி இறங்கினால், ஒவ்வொரு ஸ்பிறிங்கும் இஞ்சிக்கு 100 கிலோ. இனி நீங்கள் 300 கிலோ ஏத்தினால் ஒண்டரை இஞ்சி இறங்கும். வெறுமையில ஆக்ஸிலுக்கும் முட்டு றப்பருக்கும் இடையில 3 இஞ்சி இருந்தால், பாரத்தோட மிச்சம் ஒண்டரை. எனக்கு அது காணாது. பாரத்தோட ரெண்டு இஞ்சியாவது மிஞ்சவேணும், இல்லாட்டிக் கிடங்குக்குக் கிடங்கு சசியில அடிக்கும்.

பிறகு கழட்டி, தகடுகளை நடுவில பிணைக்கிற சென்றர் போல்டை எடுத்துத் தகடு தகடாப் பிரியுங்கோ. பிரிக்கேக்க முழுக் கட்டையும் பெரிய வைஸில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு மெதுவா விடவேணும். வளைவு கூடின வில்லு போல்ட் கழண்டவுடன சீறும். கம்பித் தூரிகையால துருவைச் சுரண்டினபிறகு ஒவ்வொரு தகட்டின்ர அடிப்பக்கத்தையும் வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ. கீழ்த் தகட்டின்ர நுனி மேல்த் தகட்டில உரசி உரசி, குறுக்கால ஒரு பள்ளம் தோண்டியிருக்கும். விரல் நகத்தைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஓட்டுங்கோ. நகம் மெல்ல ஏறி இறங்கினால் பரவாயில்லை. டக்கெண்டு தடக்கினால் அந்தத் தகடு அதில இருந்துதான் வெடிக்கப் போகுது. சென்றர் போல்ட் ஓட்டையைச் சுத்தியும், காதுச் சுருளின்ர (மேல்த் தகட்டு நுனியில போல்ட் போற வளையம்) கழுத்தையும் மண்ணெண்ணெயால கழுவித் துடைச்சு, சோக்குப் பொடி பூசி ஒரு மணித்தியாலம் விடுங்கோ. வெடிப்பு இருந்தால் உள்ள நிண்ட எண்ணெய் கசிஞ்சு வெள்ளையில மயிர்க்கோடாத் தெரியும்.

இதில ஒரு கணக்கு மனதில இருக்கவேணும். ஒரு தகட்டின்ர விறைப்பு அதின்ர தடிப்பின்ர மும்மடிப் பெருக்கத்தோட போகும். 6 மில்லிமீற்றர்த் தகட்டுக்குப் பதிலா 7 போட்டால் ஒரு மில்லிதானே எண்டு தோன்றும். விறைப்பு கிட்டத்தட்ட 60 வீதம் கூடும். 8 போட்டால் ரெண்டு மடங்குக்கும் மேல. நீளத்தில இது எதிர்ப்பக்கம்: நீளம் பத்து வீதம் கூடினால் விறைப்பு கால்வாசி குறையும். ஆனபடியால் பாரம் கூடினால் தடிச்ச தகடு தேடாதேங்கோ, அதே தடிப்பில ஒரு தகடு கூட வையுங்கோ. ஏழு தகட்டோட எட்டாவது சேர்ந்தால் விறைப்பு ஏழில ஒரு பங்குக்குக் கிட்டத்தான் கூடும், அளவாப் பிடிக்கலாம்.

90களில பொருளாதாரத் தடை, உதிரிப்பாகம் தாண்டிக்குளம் சோதனைச்சாவடி தாண்டி வராத காலத்தில, லொறி ஸ்பிறிங்கை வெட்டி ஜீப்புக்குப் போட்டுத்தான் வன்னி ஓடினது. காஸ் வைச்சுச் சூடாக்கி வளைச்சு, வெல்டிங் பிடிச்சு, ஓட்டை போட்டு, என்னெல்லாமோ செய்தவை. அப்ப வேற வழியில்லை. அந்தக் கைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இண்டைக்கும் அதையே செய்யத் தேவையில்லை. வில்லு இரும்பைச் செஞ்சூடாக்கி எண்ணெயில தோச்சு, பிறகு குறைஞ்ச சூட்டில பதப்படுத்தித்தான் அந்த விறைப்பும் நெகிழ்வும் வந்தது. ஒரு இடத்தில காஸ் பிடிச்ச உடன அந்த இடத்துப் பதம் போச்சு. மெல்ல ஆறினால் மெத்தையாகி வளையும், தண்ணி ஊத்தினால் கண்ணாடி மாதிரி முறியும். வளைவு குறைஞ்ச தகட்டைக் குளிரிலயே பிறெஸ்ஸில சின்னச் சின்ன அடியா வளைக்கலாம். அது கொஞ்சக் காலம் நிக்கும். நிரந்தரமா வேணுமெண்டால் சூளை வைச்சுப் பதப்படுத்திற ஸ்பிறிங் பட்டறையிட்டக் குடுங்கோ. வில்லுத்தகட்டில வெல்டிங் ஒருக்காலும் வேண்டாம்.

பூட்ட முதல் தகட்டிடைக்கு என்ன பூசிறது எண்டதில ஆளாளுக்கு ஒரு கதை. கிறீஸ் பூசினால் கிறவல் தூசி அதில ஒட்டி அரம் மாதிரித் தின்னும். கழிவு ஒயில் அடிச்சால் புஷ் றப்பர் ஊதிப்போகும். நான் பாவிக்கிறது காரீயப் பொடி (கிறபைற்) கலந்த பூச்சு, காய விட்டுப் பூட்டுறது. முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கம் கடற்கரை ஓடுற வாகனமெண்டால் வந்த அண்டைக்கே நல்ல தண்ணியால கழுவவும் வேணும், உப்பு தகட்டிடைக்குள்ளதான் குடியிருக்கும்.

மற்றத் தெரிவுகள்

பரபொலிக் வில்லு எண்டு ஒண்டு வருது. தகடு நடுவில தடிச்சு, நுனிக்குப் போகப் போக மெலியும். ரெண்டு அல்லது மூண்டு தகடுதான், அதுகள் நடுவிலயும் நுனியிலயும் மட்டும் முட்டும். உரசல் இல்லாததால ஓட்டம் மெத்தை. சில்லு நல்லா இறங்கும். எனக்குப் பிடிச்ச சாமான். ஆனால் பழைய வில்லில தகட்டு உரசலே பாதி ஷொக்கின்ர வேலையைச் செய்தது. பரபொலிக்கில அது இல்லை, அதனால நல்ல ஷொக் போடாமல் பூட்டினால் ஜீப் தவளைப் பாய்ச்சல் பாயும். மற்றது, ரெண்டு தகட்டில ஒண்டு வெடிச்சால் பாதிச் சஸ்பென்சன் போச்சு. ஆளோட அளவான சாமானோட ஓடுற 88 க்கு ரெண்டு தகடு சரி. நெல்லேத்திறவை மூண்டு தகட்டுக்குக் கீழ பாக்காதேங்கோ.

ஆக்ஸிலுக்குக் கீழ இருக்கிற வில்லை மேல வைக்கிறது வில்லிஸ்காரருக்கு ஒரு ஆசை. ஆக்ஸில் குழாயின்ர தடிப்பும் தகட்டுக் கட்டின்ர தடிப்பும் சேர்ந்து அஞ்சு இஞ்சிக்குக் கிட்ட உயரும், ஸ்பிறிங் புதுசா வாங்கத் தேவையில்லை. செலவு பிறகு வரும். கிளச்சை விட்ட உடன ஆக்ஸில் சுழண்டு வில்லை எஸ் வடிவத்தில முறுக்கும், அதுக்குத் தடுப்புத் தண்டு வேணும். ஸ்ரேறிங் தண்டின்ர கோணம் குழம்பி, கிடங்கில விழ வாகனம் தானாத் திரும்பும். புரொப்பெலர் ஷாஃப்ட் நீளம் காணாது. வில்லு குந்திற தாங்கியை, அதுதான் குதிரையை, ஆக்ஸிலில புதுசா வெல்ட் பண்ணேக்க குழாய் வளையும். வன்னியில இப்பிடி ஒரு ஜீப்புக்குத் தேவை இருக்கிறதா நான் காணேல்லை.

கொயில் ஸ்பிறிங் மாத்தலாமோ எண்டும் கேக்கினம். லான்ட் றோவர் கொம்பனியே 1970 இல றேஞ்ச் றோவருக்கும் 1983 இல வன் ரென் (110) லான்ட் றோவருக்கும்தான் கொயிலுக்குப் போனது. வில்லு பாரத்தைத் தாங்கிறதோட ஆக்ஸிலையும் இடம்பெயராமல் பிடிச்சிருக்கு. கொயில் தாங்க மட்டும் செய்யும், பிடிக்காது. பிடிக்கிறதுக்குத் தண்டுகள் வேணும், அந்தத் தண்டுகளுக்குச் சசியில புது இடம் வெட்டி ஒட்டவேணும். ஸ்ரீ எழுத்து நம்பர் பலகையோட நிக்கிற பழைய ஜீப்பை வெட்டிறதுக்கு நான் கத்தி எடுக்கிறதில்லை. சசியை வெட்டுற எந்த மாற்றத்துக்கும் முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ.

சக்கிளும் கஸ்ரரும்

நீளச் சக்கிள் மலிவான வழி. 2 இஞ்சி நீளம் கூட்டினால் அந்த இடத்தில 1 இஞ்சிதான் உயரும், வில்லின்ர ஒரு நுனிதானே இறங்குது. ஜீப்பிலயும் லான்ட் குறூசர் 40 இலயும் முன் வில்லின்ர சக்கிள் முன்நுனியில இருக்கு. அதை நீட்டினால் ஆக்ஸில் முன்னுக்குக் கவிழும். கிங்பின் (முன் சில்லு திரும்புற அச்சு) மேல்நுனி பின்னுக்குச் சாய்ஞ்சிருக்கிற கோணம், அதுதான் கஸ்ரர், குறையும். ஏ9 இல 60 கிலோமீற்றரில போகேக்க ஸ்ரேறிங் திரும்பித் தானா நேருக்கு வராது, வாகனம் அலையும். ஆப்புத் தகடு வைச்சுக் கஸ்ரரைத் திருப்பிக் கொண்டுவரலாம், ஆனால் அதே நேரம் டிஃப்பின்ர மூக்குக் கீழ திரும்பி புரொப்பெலர் சிலுவை மூட்டில கோணம் கூடும். ஒண்டைப் பிடிக்க ஒண்டு நழுவும். அதனாலதான் முன்பக்கம் ஒரு இஞ்சிக்கு மேல வேண்டாம் எண்டுறன்.

பூட்டினாப் பிறகு சக்கிளைப் பக்கத்தில இருந்து பாருங்கோ. வாகனம் தன்ர பாரத்தில நிக்கேக்க அதின்ர கீழ்நுனி, நிலையான காதுக்கு (சக்கிள் இல்லாமல் சசியில நேராப் பூட்டின நுனி) எதிர்ப்பக்கமாக் கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கவேணும். உள்பக்கம் சாய்ஞ்சிருந்தால் வில்லுக்கு வளைவு கூடிப்போச்சு. எத்தினை மெல்லிய தகடெண்டாலும் அடிக்கும்.

ஷொக்

கடையில “88 க்கு ஒரு செற் தாங்கோ” எண்டு கேட்டால் கொம்பனி நீளம் தருவினம். ஸ்பிறிங்கில ஏதாவது மாத்தியிருந்தால் அந்த நீளம் பொருந்தாது, நீங்களே அளக்கவேணும். வாகனம் நிக்கேக்க ஷொக் பூட்டுற மேல் ஊசிக்கும் கீழ் ஊசிக்கும் இடைத்தூரம் 17 இஞ்சி எண்டு வையுங்கோ. முட்டு றப்பருக்கு 3 இஞ்சி இருக்கு, றப்பர் இன்னும் முக்கால் இஞ்சி நசியும். அப்ப ஆகக் கிட்ட வாறது 13¼. பூட்டின ஷொக் முழுக்க உள்ள போனால் 13 ஐ விட நீளமா இருக்கக்கூடாது, இருந்தால் றப்பருக்குப் பதிலா ஷொக் முட்டி ஊசியைப் பிடுங்கும். பிறகு சசியைச் செயின் புளொக்கில தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிடுங்கோ. 3½ இஞ்சி இறங்கினால் 20½. முழுக்க நீட்டினால் 21 ஆவது இருக்கவேணும். ஆக, 13 க்கு 21. இந்த ரெண்டு இலக்கத்தையும் துண்டில எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் வாகனத்தின்ர பேரே சொல்லத் தேவையில்லை. தொங்கவிட்ட நிலையில பிறேக் ஹோஸ் இழுபடுதோ எண்டும் ஒருக்காப் பாருங்கோ.

வரி விழுந்த கிறவலில ஷொக் செக்கனுக்குப் பலதரம் ஏறி இறங்கும். உள்ள ஒயில் சூடாகி, காத்துக் கலந்து நுரைக்கும். நுரைச்சால் தடுப்பு இல்லை. மல்லாவி மட்டும் நல்லாப் போன வாகனம் திரும்பி வரேக்க மிதக்கிறது அதாலதான். காஸ் அடைச்ச ஷொக்கில நுரை குறைவு. தனிக்குழாய் ஷொக் இன்னும் நல்லாச் சூட்டை விடும், ஆனால் வெளிக்குழாயே வேலை செய்யிற குழாய். கல்லுப் பட்டு நெளிஞ்சால் பிஸ்ரன் இறுகும். கிறவல் கல்லுப் பறக்கிற எங்கட பக்கத்துக்கு காஸ் அடைச்ச இரட்டைக்குழாய்தான் என்ர தெரிவு. எதைப் பூட்டினாலும் நிமிர்த்திப் பூட்டுங்கோ: 30 பாகை சரிச்சால் தடுப்பில கால்வாசி போச்சு.

பூட்டேக்க

வில்லை ஆக்ஸிலோட சேத்துப் பிடிக்கிற யு போல்டைத் திரும்பப் பாவிக்காதேங்கோ, ஒருக்கா இழுபட்ட மரை ரெண்டாந்தரம் பிடிக்காது. சென்றர் போல்டின்ர தலை ஆக்ஸில் குதிரை ஓட்டைக்குள்ள வடிவா இருந்த பிறகுதான் இறுக்கவேணும். லான்ட் றோவரின்ர புஷ் இரும்போட ஒட்டின றப்பர். அதின்ர காது போல்டுகளை ஜக்கில நிக்கேக்க இறுக்கினால் றப்பர் அந்த நிலையிலயே பிடிபட்டு, இறக்கின உடன முறுகி, கொஞ்ச நாளில கிழியும். சில்லு நிலத்தில, பாரம் முழுக்க வில்லில, அப்பதான் கடைசி இறுக்கு. இதைச் செய்யாமல் “புஷ் சரியில்லை” எண்டு கடைக்காரனோட சண்டைக்குப் போறவை கனபேர்.

முதல் ஓட்டத்தை முறிகண்டி மட்டும் காப்பெட்டில வையுங்கோ. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிற நேரத்துக்குள்ள நாலு ஷொக்கையும் தொட்டுப் பாருங்கோ. மற்றதெல்லாம் இளஞ்சூடா இருக்க ஒண்டு மட்டும் குளிரா இருந்தால் அது வேலை செய்யேல்லை. 100 கிலோமீற்றருக்குள்ள யு போல்ட் எல்லாத்தையும் திரும்ப இறுக்குங்கோ. பிறகு கிறவல், பிறகுதான் சுரி. சோதிச்சுப் பாக்கிறதெண்டு தெரியாத காட்டுக்குள்ள திருப்பாதேங்கோ. கண்ணிவெடி எடுத்து முடியாத இடங்கள் இன்னும் கிடக்கு. மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் வந்த தடத்திலயே பின்னுக்கு எடுங்கோ. ஆள் நடமாட்டமுள்ள, மெசின் ஓடுற பாதை காணும்.

ஜீப்புக்குள்ள எப்பவும் கிடக்கவேண்டியது: ஒரு சென்றர் போல்ட், நட்டோட ரெண்டு யு போல்ட், நாலடிச் சங்கிலி, அதை இறுக்க ஒரு நீளப் போல்ட், கைவாள். உள்பாதையில நிக்கேக்க பின் வில்லின்ர மெயின் தகடு (காது உள்ள மேல்த் தகடு) வெடிச்சால் முதல் எந்தப் பக்கம் வெடிச்சதெண்டு பாருங்கோ. சக்கிள் பக்கமெண்டால், ஜக்கில தூக்கி, சசிக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில பாலை மரத் துண்டொண்டை வெட்டி வைச்சு, கம்பியாலயோ கயிறாலயோ வரிஞ்சு கட்டிக்கொண்டு மெதுவா வரலாம். நிலையான காதுப் பக்கமெண்டால் ஆக்ஸிலைப் பிடிச்சு வைச்சிருக்க ஒண்டும் இல்லை, அந்தப் பக்கச் சில்லு பின்னுக்கு ஓடும். அப்ப மரத்துண்டு மட்டும் காணாது. சங்கிலியை ஆக்ஸிலில சுத்தி, முன்காது பூட்டியிருக்கிற சசித் தாங்கிக்கு இழுத்து இறுக்குங்கோ. முதல் கியரை விட்டு மாத்தாதேங்கோ. பிறேக்கை அமத்தினால் ஆக்ஸில் சுழலப் பாக்கும், எஞ்சினாலயே மட்டுப்படுத்துங்கோ. முன் ஆக்ஸிலில இப்பிடி நடந்தால் ஓட்ட நினைக்காதேங்கோ, பக்கத்து வயலில மெசின் நிக்குதோ எண்டு போய்க் கேளுங்கோ.